தவிலின் மூன்றாவது சுற்று

தவில் இன்னும் அடிக்கவில்லை. அதற்குள் எதற்காக எச்சிலை விழுங்கிப் பார்க்கிறாய் பஞ்சவர்ணம், விழுங்கினால் வலித்த காலமெல்லாம் போய் ஏழு மாதம் ஆகிறது, ஆனாலும் மேடை ஏறியதிலிருந்து இது நாலாவது தடவை. குளிர். இந்தத் திருச்சி அரங்கத்தில் ஏசியை யார் இப்படி வைத்தார்களோ, பாடப் போகிறவர்களை மீன் பெட்டியில் ஐஸுக்கு நடுவே படுக்க வைத்த மாதிரி இருக்கிறது. கன்னத்தில் அடக்கி வைத்த சித்தரத்தைத் துண்டு காரம் போய் நாராகக் கிடக்கிறது, துப்பவும் வழியில்லை, முன்வரிசையில் சோபா போட்டுப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மாலை ஐந்தரை மணிக்கு இத்தனை பேர் வேலையைப் போட்டுவிட்டு நாட்டுப்புறப் பாட்டுக் கேட்க வந்திருக்கிறார்கள், நல்லா இருக்கட்டும். பின்னால் பேனரில் 'கிராமிய இசை விழா' என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே எங்கள் இரண்டு பேர் படம், சோலைமலை, பஞ்சவர்ணம், தெம்மாங்கு எசப்பாட்டு. படத்தில் என் கழுத்து வழவழவென்று வெறுமையாக இருக்கிறது, அது பழைய படம். இப்போது கழுத்தில் நாலு விரல் அகலத்துக்குக் கவரிங் அட்டிகை. அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று இந்த அரங்கத்தில் ஐந்து பேருக்குத்தான் தெரியும். எனக்கு, என் ஜோடி சோலைமலை அண்ணனுக்கு, ஆர்மோனியப் பெட்டி வாசிக்கிற யாகப்பனுக்கு, தவில் நாகுவுக்கு, அப்புறம் நாலாவது வரிசை ஓரத்தில் வெந்நீர் பிளாஸ்க்கை மடியில் வைத்து அணைத்துக்கொண்டிருக்கிற என் வீட்டுக்காரர் பூமிராசனுக்கு. புருசன் பேரைச் சொல்லக் கூடாது என்பார்கள், மனதுக்குள் சொன்னால் யார் வந்து கேட்கப் போகிறார்கள். மனிதர் என்னைப் பார்க்கவில்லை. என் கழுத்தைப் பார்க்கிறார்.

அடித்துவிட்டான் நாகு. முதல் அடி விழுந்தவுடன் சோலைமலை அண்ணன் அண்ணன் இல்லை, மச்சான். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். பச்சைத் துண்டை இடத்தோளில் உதறிப் போட்டுக்கொண்டு, மீசையை ஒருமுறை தடவி, என்னைச் சுற்றி அரைவட்டம் வருகிறார், ஐம்பத்தாறு வயதுக்கு அந்த நடை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் சனம் இப்போதே சிரிக்கிறது. 'சந்தைக்குப் போற புள்ள, சாயச் சேல கட்டும் புள்ள, முந்தியில முடிஞ்சதென்ன, முழுசாச் சொல்லிப் போடி புள்ள.' அவர் கேட்டு முடித்ததும் தவில் சுற்றும். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்று முடிவதற்குள் நான் பதிலை எடுத்துவிட வேண்டும், எடுக்காவிட்டால் தோற்றேன் என்று அர்த்தம். எசப்பாட்டில் வேறு சட்டமே கிடையாது. நாலு கேள்வி, நாலு பதில். நாலாவது பதிலின் கடைசிச் சொல்லில் குரலை மேலே ஏற்றி, ஏற்றின இடத்திலேயே நிறுத்தி, சனம் மூச்சைப் பிடிக்கிற வரைக்கும் நிறுத்தி, அப்புறம்தான் இறக்க வேண்டும். எங்கள் செட்டில் அதற்கு உச்சி என்று பேர். கடைசிச் சொல் எப்போதும் 'மச்சானே'தான். பத்தொன்பது வயதில் பிடித்த உச்சி, கல்யாண வீட்டில், கோயில் கொடையில், கட்சி மாநாட்டில், ஒருமுறை மழையில் மைக் செத்துப்போய் வெறுந்தொண்டையில் பிடித்த உச்சி. இன்னும் மூன்று பதில் தாண்டினால் அது வந்து நிற்கும். இரு, முதல் பதில். முதல் சுற்று போய்விட்டது. 'முந்தியில முடிஞ்சதெல்லாம் மொளகா வெத ரெண்டு பிடி, சந்தியில மறிக்கிறியே, சாட என்ன மச்சானே.' வந்தது. கீழேதான், ஆனாலும் வந்தது, ஓரத்தில் கொஞ்சம் நூல் பிரிந்தது எனக்கு மட்டும் கேட்டது. பூமிராசனுக்கும் கேட்டிருக்கும். பிளாஸ்க் மூடியில் அவர் விரல் இறுகுகிறது.

பார்ப்போம்மா. அந்த டாக்டரம்மா நல்ல மனுசி, ஆபரேஷன் முடிந்து என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். "கட்டிய முழுசா எடுத்தாச்சும்மா, கெட்ட கட்டி இல்ல. குரலுக்குப் போற நரம்பு அதோட ஒட்டியே கெடந்துச்சு, லேசா அடிபட்டிருக்கு, அறுபடல. ஆறு மாசத்துல பேச்சு சரியாயிடும்." பாட்டு என்று வாய் அசைத்துக் காட்டினேன். "பாட்டு... பார்ப்போம்மா." தைராய்டில் சேப்பங்கிழங்கு மாதிரி ஒரு கட்டி வளர்ந்திருக்கிறது, அது உயிருக்கு உலை வைக்காமல் போனதற்கு நான் அன்றைக்கே ஆஸ்பத்திரி வாசலில் விழுந்து கும்பிட்டிருக்க வேண்டும், நானோ பார்ப்போம்மாவைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதம் தொங்கினேன். என்ன பார்ப்பீர்கள், எதை வைத்துப் பார்ப்பீர்கள், டார்ச் அடித்துப் பார்த்தால் பாட்டு தெரியுமா. முதல் மூன்று வாரம் வாய் திறக்கக் கூடாது என்றார்கள். வாய் ஓயாதவள் வாயைக் கட்டினால் வீடு எப்படி இருக்கும், பூமிராசன் நாட்காட்டித் தாளைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார், பின்பக்கம் எழுதுவேன், உப்பு இல்லை, மோட்டார் போடுங்க, அழவில்லை கண்ணில் தூசி. அந்தத் தாள் ஒன்றையும் அவர் எறியவில்லை, பரணில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது, கேட்டால், பொண்டாட்டி சண்டை போடாமல் பேசினதுக்கு சாட்சி வேண்டாமா என்கிறார். இருபது வருடம் பால் கூட்டுறவு வண்டி ஓட்டின மனிதர், எனக்காகக் காலை வண்டி முறையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு விடியும்போது வெந்நீர் போட்டார். முதல் சத்தம் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ரப்பர் போன குக்கர் மாதிரி ஒரு சீறல். அதைக் கேட்டு அவர் கைதட்டினார். நான் கரண்டியை எடுத்து எறிந்தேன். பாவம். பிறகு யாகப்பன், அவன் மட்டும் சும்மாவா, வியாழக்கிழமை தோறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்து, பாடு என்று சொல்லாமல், சுருதியை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், ஒரு மணி நேரம், காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவான். அந்தச் சுருதி வீட்டுச் சுவரில் ஊறிப் போயிருக்கும். இவர்களுக்கெல்லாம் என்ன செய்துவிட முடியும் நான். இன்றைக்கு நன்றாகப் பாடலாம். அது ஒன்றுதான் கையில் இருக்கிறது, அதுவும் இருக்கிறதா என்று பார்ப்போம்மா.

இரண்டாவது கேள்வி போய்க்கொண்டிருக்கிறது, காது கொடு. 'கம்பங் கொல்லக் காவலுக்குக் கவணெடுத்து வந்த புள்ள, எம்பக்கம் பாத்தெறிஞ்சா எங்க போயி நிப்பேன் புள்ள.' பயந்தவர் மாதிரி துண்டால் தலையை மூடிக்கொள்கிறார், முன்வரிசை சோபாக்காரர் ஒருவர் தொடையில் தட்டுகிறார். 'கவணெடுத்து வந்ததெல்லாம் காட்டுக்கிளி ஓட்டத்தான், கவல உனக்கெதுக்கு, கதிரு நீயா மச்சானே.' நல்ல கைதட்டு. குரலுக்கு இல்லை, வார்த்தைக்கு. வார்த்தைக்கு என்ன, அது எப்போதும் இருந்தது. மச்சானே என்கிறபோது அவர் கண் என்னைப் பார்க்காமல் என் நெற்றிப் பொட்டைப் பார்க்கும், முதல் மேடையிலிருந்து அப்படித்தான். முதல் மேடைக்கு முந்தின நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார், கல்யாணமாகி நாலு மாதம், மாமியார் வீட்டுக்குள் ஒரே முணுமுணுப்பு, ஊரான் கூட நின்று மச்சான் மச்சான் என்று பாடுவாளாம். வந்தவர் தட்டில் தேங்காய் பழத்தோடு வந்து, பூமிராசன் முன்னால் வைத்து, "மாப்ள, எனக்குக் கூடப் பொறந்த பொண்ணு இல்ல. ஒங்க வீட்டுல ஒரு தங்கச்சி இருக்குன்னாங்க, பாத்துட்டுப் போக வந்தேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. சாப்பிட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து பூமிராசன் அவருக்கு மாப்பிள்ளை, நான் தங்கச்சி. தவில் முதல் அடி விழுந்தால் மச்சான், கடைசிப் பாட்டு முடிந்து நான் யாகப்பன் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டு "வாங்கண்ணே போவோம்" என்றால் அண்ணன். அந்தச் சொல்லை நான் சொல்கிற வரைக்கும் அவர் மேடையை விட்டு இறங்க மாட்டார், ஒருமுறை நான் சொல்ல மறந்துபோய்க் கால்மணி நேரம் அப்படியே நின்றார். இதற்கு மேல் ஒரு சட்டமும் உண்டு, நான் போட்டது. வீட்டுச் சங்கதி மேடைக்கு வரக் கூடாது. பாட்டில் என் பேரைச் சொல்லக் கூடாது, புள்ள என்றால் போதும். மேடையில் நிற்கிறவள் வேறு ஒருத்தி, அவள் பஞ்சவர்ணம் இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனிதர் இந்தக் கோட்டை நூலளவும் தாண்டியதில்லை.

மூன்றாவது கேள்வி என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், வாய் தானாகப் பாடிவிட்டது, குடத்தைப் பற்றி ஏதோ, சனம் சிரித்தது. குளிர் காதுக்குள் போகிறது. இனி நாலாவதுதான். தாலி என்றைக்குக் கட்டட்டும் என்று கேட்பார், எப்போதும் அதுதான், தை மாசம் வா மச்சானே என்பது பதில், அந்தச் 'சா'வில் ஏற ஆரம்பித்து 'னே'யில் போய் நிற்க வேண்டும். ஐம்பது தடவை மாட்டுக் கொட்டகையில் நின்று பார்த்திருக்கிறேன். பத்துக்கு ஆறு தடவை ஏறியது. நாலு தடவை உடைந்தது. உடைகிறபோது சத்தம்கூட வராது, வெறும் காற்று. இந்த ஐநூறு பேர் முன்னால் காற்று வந்தால் என்ன ஆகும் என்று நினைக்காதே, நினைக்கிறேன், ஒன்றும் ஆகாது, கைதட்டுவார்கள், பாவம் உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று கைதட்டுவார்கள், அந்தக் கைதட்டல்தான் எனக்கு வேண்டாம். போன வாரம் அண்ணனிடம் சொல்லிவிட்டேன், "திருச்சியில உச்சி நின்னா நான் வர்றேன். நிக்கலன்னா ஒட்டன்சத்திரத்துப் பொண்ணைக் கூட்டிக்கங்க. நானே அதுக்குச் சால்வை போட்டு விடுறேன்." அந்தப் பொண்ணு நன்றாகப் பாடுகிறது, கேட்டேன், பொறாமைப்படக்கூட இடமில்லாமல் பாடுகிறது. பங்குனிக் கொடைக்கு ஜோடி இல்லாமல் வராதே என்று நத்தத்து ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள், நாளைக்குள் ஜோடி யாரென்று அவர் சொல்லியாக வேண்டும். இவ்வளவு நாள் தள்ளிப் போட்டதே பெரிது. ஜோடி இல்லாமல் எட்டு மாதம் எப்படி ஓட்டினார் தெரியுமா, யாகப்பன் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினான். ஆள் ஒற்றையாக நிற்கிறார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேள்வி பாடுகிறார், பிறகு அதே துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் தாவி வந்து என் பதிலைப் பாடுகிறார். என் இடுப்பொடிப்பு, என் கழுத்து வெட்டு, எல்லாம். உச்சி மட்டும் பாடவில்லை. அந்த இடம் வந்ததும் தவிலைச் சும்மா சுற்றவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், சனம் புரியாமல் பார்க்கிறது. நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய்ப் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டேன். இன்னொருத்தியை நிறுத்தியிருந்தால் அவருக்குத் தொண்டையாவது மிஞ்சியிருக்கும். இன்றைக்கு வண்டியில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். "எரக்கம் மட்டும் காட்டாதீங்கண்ணே. பழையபடி நாலாவதுல உச்சிக்கு விடுங்க." சரி தங்கச்சி என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வருகிறார். ஆனால் இது என்ன மெட்டு, தாலிக் கேள்வியின் எடுப்பு இது இல்லையே. யாகப்பனும் தலையைத் தூக்குகிறான், அவனுக்கும் தெரியாது. அரைவட்டம் போடாமல் நேராக என் முன்னால் வந்து நிற்கிறார், நெற்றிப் பொட்டைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்க்கிறார். 'கழுத்தழகி பேருக்குத்தான் காத வழி வந்தேன் புள்ள, அட்டிகைக்குப் பின்னால நீ அடக்கி வச்சதென்ன புள்ள.' என்ன கேட்டார். சனம் சிரிக்கிறது, அவர்களுக்கென்ன தெரியும், நகைக்குப் பின்னால் நாலணா மறைத்தாள் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். நாகுவின் கை ஒரு கணம் தடுமாறிப் பிறகு சேர்ந்துகொள்கிறது. வேண்டாம் அண்ணே. விடவில்லை. 'கூட்டுக்குள்ள எட்டு மாசம் குந்திக்கிட்ட கிளியே நீ, பாட்டெடுத்துப் பறக்க ஒனக்குப் பயமா சொல்லு பஞ்சவர்ணம்.' பேர். என் பேர். மைக்கில். சுற்று ஆரம்பித்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் காத்த கோட்டை மிதித்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு நிற்கிறார், எட்டு மாதம் என்று கணக்குச் சொல்கிறார் ஐநூறு பேருக்கு, யார் சொன்னார்கள் பயமென்று, ஆமாம் பயம்தான், அதைக் கேட்க நீங்கள் யார், வேறு எவனாவது கேட்டிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன், நீங்கள் கேட்கலாமா, தட்டோடு வந்து எங்கள் வீட்டில் சோறு தின்ற மனிதர், நாலு விரல் நீளத் தையலை நான் என் கண்ணாடியிலேயே முழுசாகப் பார்த்ததில்லை, அதை மேடையில் வைத்து. பூமிராசன் எழுந்துவிட்டார். தை மாசம் எங்கே போனது, பாடம் பண்ணின பதில் எங்கே போனது, ஒரு வரி இல்லை, இரண்டாவது சுற்றும் முடிகிறது, அடிவயிற்றிலிருந்து என்னவோ கிளம்பி வருகிறது, வாயை மூடினாலும் வரும். 'அடக்கி வச்ச தழும்பிருக்கு, அறுத்துத் தச்ச கோடிருக்கு, படக்குன்னு கேட்டுப்புட்டே பாத்துச் சனம் சிரிக்கயில, பயமிருந்தா எனக்கிருக்கு, பாட்டிருக்கு நெஞ்சுக்குள்ள, அயலான் போல் கேக்கலாமோ...'

'அண்ணே.'

அண்ணே என்றா பாடினேன். மச்சானே என்று வர வேண்டிய இடத்தில், சரசப் பாட்டில், ஐநூறு பேருக்கு முன்னால் அண்ணே என்றா. இந்தத் தப்பை இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் செய்ததில்லை, காய்ச்சலில் பாடினபோதுகூட, புருசன் வீட்டுச் சாவுக்குப் போய்விட்டு அப்படியே மேடை ஏறினபோதுகூட. போச்சு, மானம் போச்சு, பாட்டு கெட்டது, இறக்கு, குரலை இறக்கு என்கிறேன், இறங்கவில்லை. எங்கிருந்து இறக்குவது. எங்கே இருக்கிறேன் நான். யாரோ விளக்குப் போட்ட மாதிரி இருக்கிறது தலைக்குள். யாகப்பன் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியின் மேல்கோடிக் கட்டையை அழுத்தியபடி இருக்கிறான், அவன் விரல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நானும் இருக்கிறேன். அதுதானே. அந்த இடம்தானே. 'ணே' நிற்கிறது, உடையவில்லை, ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறது, பிரிந்தே நிற்கிறது, பழைய வழவழப்பு இல்லை, இது வேறு ஒரு குரல், தழும்பு விழுந்த குரல், ஆனால் என்னுடையது. கையில் ஏதோ குத்துகிறது. அட்டிகை. எப்போது பிடுங்கினேன். குளிர் நேராகக் கழுத்துத் தையலில் படுகிறது, எட்டு மாதத்தில் முதல் தடவையாகக் காற்றுப் படுகிறது, சுகமாக இருக்கிறது. சனம் சிரிக்கவில்லை. அண்ணே என்றதற்குச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன், ஒருவரும் சிரிக்கவில்லை. பயந்து பயந்து ஏறினபோது பத்துக்கு நாலு உடைந்தது என்றால் கோபத்தில் ஏறின ஒரு தடவையில் ஏன் உடையவில்லை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரக்கம் காட்டாதீர்கள் என்று நான்தானே கேட்டேன். கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார். தங்கச்சி இனிமேல் முகத்தில் முழிக்காமல் போனாலும் போகட்டும், குரல் வரட்டும் என்று துணிந்து மிதித்திருக்கிறார் அந்தக் கோட்டை. பாவி மனிதர். நீங்கள் நல்லா இருக்கணும்.

இறக்கிவிட்டேன். மெல்ல, நானாக இறக்கினேன். கைதட்டல் வருகிறது, அடைமழை மாதிரி வருகிறது, அதில் பாவம் கிடையாது, எனக்குத் தெரியும், காதுக்கு அது தெரியும். தவில் சுற்ற ஆரம்பிக்கிறது, முடிப்புப் பாட்டு அவருடையது, கேள்வி கேட்டவர்தான் கடைசி இரண்டு வரி பாடி முடிக்க வேண்டும். ஒரு சுற்று. மச்சான் வாயைத் திறக்கிறார். ஒன்றும் வரவில்லை. எந்தச் சபையிலும் பதிலுக்குத் திணறாத மனிதர், தூக்கத்தில் எழுப்பினாலும் எதுகை போடுகிறவர், இதோ அழுகிறார், நெற்றிப் பொட்டைப் பார்க்கிற கண்ணால் தரையைப் பார்த்துக்கொண்டு அழுகிறார். இரண்டாவது சுற்று. நாகு அடியை இழுத்து இழுத்து வாசிக்கிறான், அவனால் எவ்வளவு இழுக்க முடியும். மூன்றாவது முடிந்தால் அவர் தோற்றார், அப்படித்தான் சட்டம், நான் ஜெயித்தேன், இருபத்திரண்டு வருடத்தில் முதல் ஜெயிப்பு, யாருக்கு வேண்டும் அது. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் தாவினாரே. எத்தனை ஊரில், எத்தனை சிரிப்புக்கு நடுவே. மூன்றாவது சுற்று ஆரம்பித்துவிட்டது. இரண்டு எட்டு வைத்துப் போய் அவர் தோளிலிருந்த பச்சைத் துண்டை எடுத்தேன். விடாமல் பிடித்தார், பிறகு விட்டார். உதறி என் இடத்தோளில் போட்டுக்கொண்டேன். மீசை இருக்கிற இடத்தை ஒருமுறை தடவினேன், அங்கே சனம் சிரித்தது, சிரிக்கட்டும். அவர் பாடுகிற கீழ்க்குரலை எடுத்து, அவர் என்ன பாடியிருப்பாரோ அதை, பிறந்ததிலிருந்து தெரிந்த மாதிரி வந்தது, பாடினேன். 'கேட்ட கேள்வி பொறுத்துக்கம்மா, கிளி பறக்கப் பாக்கத்தானே, போட்ட கல்லு கூட்டு மேல, புள்ள மேல இல்லையம்மா.' தவில் மூன்றாவது சுற்றின் கடைசி அடியில் வந்து சேர்ந்தது. ஒருவரும் தோற்கவில்லை.

நாலாவது வரிசையில் என் வீட்டுக்காரர் நின்றபடியே பிளாஸ்க்கை உயர்த்திக் காட்டுகிறார், வேண்டுமா என்கிறார், பக்கத்திலிருப்பவர் சட்டையில் வெந்நீர் சொட்டுகிறது. வேண்டாம் என்று தலையாட்டுகிறேன், பிறகு அவர் முகத்தைப் பார்த்து, வேண்டும், அப்புறம் வேண்டும் என்று ஆட்டுகிறேன். உட்காரச் சொல்லுங்கள் அந்த மனிதரை யாராவது. யாகப்பா, வியாழக்கிழமை வா, இந்த வாரம் பாடுவேன், காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போக விட மாட்டேன். டாக்டரம்மா, பார்த்தாச்சும்மா. அண்ணன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் சாய்கிறார். மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் கேட்கிறார்.

"பங்குனி பதினாலு நத்தம். ஒன் பேர எழுதிக்கிறவா தங்கச்சி?"

"எழுதிக்கங்கண்ணே. பேரச் சொன்னதுக்கு வீட்டுல வந்து வாங்கிக்கட்டிக்கிருவீங்க."

"வாங்கிக்கிறேன். துண்டக் குடு."

"அடுத்த பாட்டு முடியட்டும்."

நாகு அடுத்த பாட்டுக்குத் தட்டிவிட்டான், தவில் முதல் அடி, இனி அவர் மறுபடி மச்சான். இன்னும் மூன்று பாட்டு இருக்கிறது, இரண்டு உச்சி இருக்கிறது, நிற்கும், நிற்காமலும் போகும், பத்துக்கு ஆறு. அட்டிகையைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு மைக்குக்கு முன்னால் வருகிறேன். பாடத் தொடங்கும் முன் கன்னத்தில் கிடந்த சித்தரத்தையை நாக்கால் துழாவினால் காணோம், எப்போது விழுங்கினேன் என்றே தெரியவில்லை.